பூவிருந்தவல்லி முதல் அம்பத்தூர் வரை: வெயிற்காப்பின் வரலாற்றில் நிறமும் தொழிலும்

ஆய்வுச் சுருக்கம்

வெயிலிலிருந்து தோலைக் காக்கும் பொருள்கள் இன்று மருந்துக்கடைகளிலும் அழகுப்பொருள் அங்காடிகளிலும் பரவலாக விற்கப்படுகின்றன. இவற்றைப் பற்றிய தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் அழகுக் குறிப்புகளாகவோ மருத்துவ அறிவுரைகளாகவோ அமைகின்றன. வரலாற்று நோக்கில் அமைந்தவை மிகக் குறைவு. சென்னையின் மேற்குப் புறநகரான பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பகுதியை மையமாகக் கொண்ட இக்கட்டுரை, குடியேற்ற ஆட்சிக்காலத் தொப்பி, இருபதாம் நூற்றாண்டின் வெயிற்காப்புக் களிம்பு, விடுதலைக்குப் பிந்தைய சிவப்பழகுச் சந்தை ஆகிய மூன்றையும் தொடர்புபடுத்தி ஆராய்கிறது. வெயிற்காப்பு யாருக்கு உரியது என்பதை வெயிலில் நிற்கும் நேரம் தீர்மானிக்கவில்லை, தோலின் நிறமே தீர்மானித்து வந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அவ்வரலாற்றை அறிந்தால் இன்று வெயிற்காப்புப் பொருளைத் தெரிவு செய்யும் முறையும் மாறவேண்டும் என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: வெயிற்காப்பு, புறஊதாக் கதிர், நெட்டித் தொப்பி, சிவப்பழகு, வெளிப்புறத் தொழிலாளர், பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர்.

முன்னுரை

சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளது. ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 ஆகிய நாள்களை ஒட்டி, நண்பகலில் கதிரவன் இந்நகரின் நேர் உச்சியில் நிற்கிறது. அப்போது நட்டுவைத்த கோலுக்கு நிழல் விழுவதில்லை. மக்கள் வழக்கில் வெயிலின் உச்சம் என்பது மே மாதத்துக் கத்திரி வெயிலையே குறிக்கும். ஆயினும் வெப்பமும் புறஊதாக் கதிரும் ஒன்றல்ல. காற்று குளிர்ந்திருக்கும் நாளிலும் வானம் தெளிவாக இருந்தால் புறஊதாக் கதிர் மிகுதியாகவே தரையை அடையும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாமல் வெயிற்காப்பின் வரலாற்றை எழுதுதல் இயலாது. வெப்பத்திற்கான அச்சமும் ஒளிக்கான அச்சமும் அவ்வரலாறு நெடுகிலும் ஒன்றோடொன்று குழம்பியே வந்துள்ளன.

குடியேற்ற ஆட்சியில் தட்பவெப்பம், உடல், மருத்துவம் ஆகியவை குறித்து டேவிட் அர்னால்டு (1993), மார்க் ஹாரிசன் (1999) ஆகியோர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். வெப்பமண்டல வெயிலைப் பற்றிய ஐரோப்பியரின் அச்சத்தை டேன் கென்னடி (1990) தனியே ஆராய்ந்துள்ளார். இவ்வாய்வுகள் குடியேற்ற ஆட்சிக்காலத்தோடு நின்றுவிடுகின்றன. அவற்றின் முடிவுகளைப் பிற்காலக் களிம்புச் சந்தையோடு இணைத்து, ஒரே வட்டாரத்தில் வைத்துக் காண்பது இக்கட்டுரையின் முயற்சியாகும்.

1. குடையும் முண்டாசும்

தமிழ் மரபில் வெயிற்காப்பு முதன்மையாக நிழலும் துணியும் சார்ந்தது. பனையோலைக் குடை, தாழங்குடை, தலைப்பாகை, முண்டாசு ஆகியன உழவர்க்கும் வழிச்செல்வோர்க்கும் காப்பாக அமைந்தன. உழைப்பவர் உடுத்திய துணியே வெயிலையும் வியர்வையையும் ஒருங்கே தாங்கியது. அரசர்க்குரிய வெண்கொற்றக்குடையோ காப்பு என்னும் பொருளின் குறியீடாயிற்று. புறநானூற்றின் 35ஆம் பாடலில் வெள்ளைக்குடி நாகனார், சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனிடம் அரசனது குடையின் பயன் தன்மேல் விழும் வெயிலைத் தடுப்பதில் இல்லை என்றும், வருந்தும் குடிகளுக்கு நிழலாவதிலேயே உள்ளது என்றும் அறிவுறுத்துகிறார். அது வரி நீக்கம் வேண்டிப் பாடப்பட்ட பாடல் என்பது குறிப்பிடத்தக்கது. நிழல் யாருக்கு உரியது என்னும் வினா இம்மண்ணில் பழமையானது என்பதற்கு இது சான்றாகும்.

2. பூவிருந்தவல்லிப் படைமுகாமும் நெட்டித் தொப்பியும்

சென்னைக் கோட்டைக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பூவிருந்தவல்லி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படையினரின் முகாமாகவும் உடல்நலம் தேறுவோர் தங்குமிடமாகவும் விளங்கியது. இந்நிலத்தின் வெயிலுக்குப் பழகாத உடல்களை எவ்வாறு காப்பது என்பது அன்றைய படைமருத்துவத்தின் முதன்மைச் சிக்கல்களுள் ஒன்று. இத்தகைய முகாம்கள் அச்சிக்கலை நேரே எதிர்கொண்ட இடங்களாம்.

வங்காளத்தில் பணியாற்றிய அறுவை மருத்துவர் சூலியஸ் செஃப்ரீஸ் 1858இல் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையைக் குறித்து எழுதிய நூலில் உடை, உறைவிடம், தலைக்காப்பு ஆகியவற்றைச் சீர்திருத்த வேண்டுமென வலியுறுத்தினார். அவ்வாண்டுகளை ஒட்டி நெட்டித் தக்கையாற் செய்த தொப்பி படையினரிடையே பரவியது. இதன் ஆங்கிலப் பெயர் 'சோலா தொப்பி' என்பதாகும். 'சோலா' என்பது வட இந்திய வழக்கில் நெட்டிச் செடியைக் குறிக்கும். கேட்டவர்கள் அதனைக் கதிரவனோடு இணைத்துக் கொண்டமையால் அது 'சோலார் தொப்பி' எனத் திரிந்தது. நீர்நிலைகளில் வளரும் நெட்டி தமிழர்க்கு அயலானதன்று. மாட்டுப் பொங்கலில் மாடுகளுக்கு அணிவிக்கும் நெட்டி மாலையும், 2020இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடும் அச்செடியிலிருந்தே உருவாகின்றன. ஒரே செடி இங்குக் கைவினைப் பொருளாகவும் அங்கு இன அடையாளமாகவும் ஆனது கருதத்தக்கது.

தொப்பியோடு முதுகெலும்பை மறைக்கும் தடித்த துணிப்பட்டையும் வழக்கிலிருந்தது. இவற்றுக்கு ஆதாரமாக அமைந்தது, கதிரவனின் வேதியியல் ஆற்றலுடைய கதிர்கள் மண்டையோட்டையும் முதுகெலும்பையும் ஊடுருவி நரம்பு மண்டலத்தைக் கெடுக்கும் என்னும் கோட்பாடாகும். அமெரிக்கப் படைமருத்துவர் சார்லஸ் வுட்ரஃப் 1905இல் வெளியிட்ட நூல் இக்கோட்பாட்டை வெள்ளையருக்கே உரிய இடராக விரித்துரைத்தது. இதன் அடிப்படையில் பிலிப்பைன்சில் அமெரிக்கப் படைவீரர் நூற்றுக்கணக்கானோருக்குச் செம்மஞ்சள் நிற உள்ளாடை அணிவித்துச் சோதித்தனர். எதிர்பார்த்த பயன் எதுவும் கிட்டவில்லை. எனினும் தொப்பி வழக்கொழிய இரண்டாம் உலகப் போர் வரை காலம் பிடித்தது.

இங்கு எழும் வினா எளியது. அதே வெயிலில் அணிவகுத்த இந்தியச் சிப்பாய்க்கும், சுமை தூக்கியவர்க்கும், சாலை அமைத்தவர்க்கும் அக்கதிர் தீங்கு செய்யாது என்று எவ்வாறு கருதப்பட்டது? கருந்தோல் இயற்கையாகவே முழுக்காப்பு உடையது என்னும் எண்ணமே அதற்கு விடையாக இருந்தது. இவ்வாறு தொப்பி வெயிலைத் தடுத்ததோடு ஆள்வோரையும் ஆளப்படுவோரையும் பிரித்துக் காட்டும் அடையாளமாகவும் செயல்பட்டது. ஆங்கிலோ இந்தியர் சமூகத்தில் அது நெடுங்காலம் மதிப்புக்குரிய அணியாக நிலைத்ததற்கும் இதுவே காரணம் எனலாம்.

3. ஆய்வுக்கூடத்தில் உருவான களிம்பும் எண்ணும்

தோலில் வெயில் செய்யும் மாற்றத்திற்கு வெப்பம் காரணமன்று என்பது படிப்படியாகவே தெளிவுற்றது. 1801இல் யோகான் வில்லெல்ம் ரிட்டர் புறஊதாக் கதிரைக் கண்டறிந்தார். 1821இல் வெளியான எவரார்டு ஹோமின் கட்டுரை, கரிய பரப்பு வெப்பத்தை மிகுதியாக ஏற்றாலும் தோல் கொப்புளிப்பதைத் தடுக்கிறது என எடுத்துக்காட்டியது. தோல் சிவந்து எரிவதற்குப் புறஊதாக் கதிரே காரணம் என்பதை 1889இல் சுவீடனைச் சேர்ந்த விட்மார்க் நிறுவினார். 1922இல் ஹவுசர், வாலே ஆகியோர் அதற்குரிய அலைநீளப் பகுதியை வரையறுத்தனர்.

இதன்பின் வணிகக் களிம்புகள் தோன்றின. 1928இல் அமெரிக்காவில் முதல் வெயிற்காப்புக் களிம்பு விற்பனைக்கு வந்தது. 1930களின் நடுவில் பிரான்சில் யூஜின் சூலர் எண்ணெய் வடிவிலான ஒன்றை அறிமுகப்படுத்தினார். 1946இல் ஆஸ்திரியாவின் ஃபிரான்ஸ் கிரைட்டர் பனிமலை ஏறுவோர்க்கான களிம்பை உருவாக்கினார். இவையனைத்தும் விடுமுறையைக் கடற்கரையிலும் மலையிலும் கழித்த வெண்தோலினரைக் கருதி உருவானவை.

இன்று களிம்புக் குழாயின் மேல் காணப்படும் எஸ்.பி.எஃப். எண்ணும் அச்சூழலில் பிறந்ததே. 1956இல் ருடால்ஃப் சூல்ட்சு வகுத்த அளவீட்டை 1974இல் கிரைட்டர் அப்பெயரால் பரப்பினார். 1978இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் தன் வரைவு விதிகளில் அதனை ஏற்றது. இவ்வெண், களிம்பு பூசிய தோல் சிவப்பதற்குத் தேவைப்படும் கதிரளவைப் பூசாத தோலுக்குத் தேவைப்படும் அளவோடு ஒப்பிடுவதாகும். அமெரிக்க விதிகளின்படி இச்சோதனைக்கு உட்படுவோர் எளிதில் சிவக்கும் முதல் மூன்று தோல்வகையினராக இருத்தல் வேண்டும். தோல்வகைப் பாகுபாட்டை 1975இல் வகுத்த தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் முதலில் வெண்தோலுக்கு நான்கு வகைகளை மட்டுமே அமைத்தார். பழுப்பு, கருமை ஆகிய ஐந்தாம் ஆறாம் வகைகள் பின்னரே சேர்க்கப்பட்டன. ஆகவே பெரும்பாலான தமிழரின் தோல் எவ்வாறு வினைபுரியும் என்பதை எஸ்.பி.எஃப். எண் நேரடியாக அளந்து கூறுவதன்று.

கருந்தோலுக்கு இயற்கைக் காப்பு உண்டு என்பது உண்மையே. ஆனால் அது முழுக்காப்பன்று. 1979இல் கைட்பே முதலியோர் செய்த ஆய்வில் வெள்ளையரின் மேல்தோல் வழியே 24 விழுக்காடு பி வகைப் புறஊதாக் கதிரும், கறுப்பினத்தவரின் மேல்தோல் வழியே 7.4 விழுக்காடும் ஊடுருவின. ஏ வகைக் கதிரைப் பொறுத்தவரை அவை முறையே 55, 17.5 விழுக்காடு ஆகும். கருந்தோலின் காப்பு எஸ்.பி.எஃப். 13.4 என்னும் அளவிற்கு நிகரானது என அவர்கள் மதிப்பிட்டனர். குடியேற்ற ஆட்சிக்கால எண்ணத்தில் உண்மையும் மிகையும் எந்த அளவில் கலந்திருந்தன என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

4. சிவப்பழகுச் சந்தை

இந்தியப் பொதுச்சந்தையில் வெயிற்காப்பு வேதிப்பொருள் பரவலாக நுழைந்த வழி வேறு. 1975இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஃபேர் அண்ட் லவ்லி களிம்பு, நியாசினமைடு என்னும் வைட்டமினையும் வெயிற்காப்புப் பொருள்களையும் கொண்டிருந்தது. அது விற்கப்பட்டது சிவப்பழகின் பெயரால். 1998இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கெவின்கேர் நிறுவனம் குங்குமப்பூவை முன்னிறுத்தி ஃபேர்எவர் களிம்பை வெளியிட்டது. தமிழ் வழக்கில் 'சிவப்பு' என்னும் சொல் வெளிர்நிறத் தோலைப் புகழும் சொல்லாகப் பயில்வதால், திருமணச் சந்தையிலும் வேலைவாய்ப்பிலும் இக்களிம்புகள் எளிதில் இடம் பிடித்தன. வெயில் உடல்நலத்திற்கு இடர் என்பதைவிட, வெயில் கறுக்கச் செய்யும் என்பதே விளம்பரங்களின் செய்தியாக அமைந்தது.

இதற்கு எதிர்ப்பும் சென்னையிலிருந்தே எழுந்தது. 2009இல் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. 2014இல் இந்திய விளம்பரத் தர மன்றம் நிறத்தின் அடிப்படையில் எவரையும் தாழ்த்திக் காட்டும் விளம்பரங்களைத் தடுக்க நெறிமுறைகளை வகுத்தது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்னும் சொல்லை நீக்கிக்கொண்டது.

சட்டத்தின் நிலையும் நோக்கத்தக்கது. அமெரிக்காவில் வெயிற்காப்புக் களிம்பு மருந்தாக வகைப்படுத்தப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் முதன்மையான வெயிற்காப்புக் களிம்புகள் மருத்துவப் பொருளாகக் கண்காணிக்கப்படுகின்றன. இந்தியாவிலோ அது அழகுப்பொருள். 1940ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1962ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த வரையறையின்படி, அழகுப்பொருள் என்பது தூய்மை செய்யவும், அழகூட்டவும், கவர்ச்சியை மிகுவிக்கவும், தோற்றத்தை மாற்றவும் பயன்படுவது. 'காத்தல்' என்னும் சொல் அவ்வரையறையில் இல்லை. சந்தை உருவாக்கிய பொருளும் சட்டம் தந்த பெயரும் இவ்வாறு ஒன்றையொன்று உறுதிப்படுத்தின.

5. அம்பத்தூர், ஆவடி: வெயிலில் நிற்போர்

படைமுகாமின் நிலமாக இருந்த இவ்வட்டாரம் விடுதலைக்குப் பின் தொழிலின் நிலமாயிற்று. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றியது. 1955 சனவரியில் காங்கிரசு மாநாடு ஆவடியில் கூடிச் சமதர்ம வழியிலான சமுதாய அமைப்பை இலக்காக அறிவித்தது. 1960களில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் படைத்துறை உடைத் தொழிற்சாலையும் எழுந்தன. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தொடங்கப்பட்டது.

தொழிற்கூடத்தின் கூரைக்குள் இருப்போரைவிட அதன் வெளியே இருப்போரே கதிருக்கு மிகுதியாக ஆட்படுகின்றனர். சுமை ஏற்றுவோர், வாயிற்காவலர், தூய்மைப் பணியாளர், சாலையோர வணிகர், போக்குவரத்துக் காவலர், உணவு கொண்டுசெல்வோர், மெட்ரோ தொடர்வண்டிப் பாதை அமைக்கும் வெளிமாநிலத் தொழிலாளர், திருவள்ளூர் மாவட்டச் செங்கற்சூளைத் தொழிலாளர் ஆகியோர் இவ்வகையினர். சேலையின் மேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தலையில் துண்டைக் கட்டிய கட்டடத் தொழிலாளப் பெண்களை இப்பகுதியில் எங்கும் காணலாம். எந்த விதியும் வழங்காத காப்பு உடையை அவர்கள் தாமே வடிவமைத்துக் கொண்டனர்.

உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2023இல் வெளியிட்ட கூட்டு மதிப்பீட்டின்படி, மெலனோமா அல்லாத தோற்புற்று இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று வெயிலில் வேலை செய்வதோடு தொடர்புடையது. இந்தியரிடையே இப்புற்று குறைவே. ஆனால் மங்கு எனப்படும் முகக் கருமைத்திட்டு, ஒளி ஒவ்வாமை, கண்புரை ஆகியவற்றில் கதிரவன் ஒளிக்குப் பங்கு உண்டு. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது வரவேற்கத்தக்க நடவடிக்கை. எனினும் அது வெப்பத்தைப் பற்றியது. கதிரைப் பற்றிய பணியிட விதி இன்னும் தனியே உருவாக வேண்டியுள்ளது.

வெளியில் உழைப்பவர் களிம்பை மட்டும் நம்ப இயலுமா என்பதை எளிய கணக்கால் அறியலாம். சோதனையில் பயன்படும் அளவு ஒரு சதுர செ.மீ.க்கு 2 மில்லிகிராம். முகம், கழுத்து, முன்கைகள், கைகள் ஆகியன உடற்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. 1.7 சதுர மீட்டர் பரப்புள்ள உடலுக்கு இது ஒருமுறைக்கு ஏறத்தாழ 6 கிராம் ஆகும். நாளுக்கு மூன்று முறை பூசினால் 18 கிராம். 50 கிராம் குழாய் மூன்று நாள் வராது. மாதம் 26 வேலைநாள் எனக் கொண்டால் ஒன்பது குழாய்க்கு மேல் தேவைப்படும். நாட்கூலி பெறும் ஒருவருக்கு இது இயலாத செலவு. ஆகவே இவர்களுக்குரிய முதற்காப்பு நிழற்பந்தல், நண்பகல் ஓய்வு, நெருங்கிய நெசவுள்ள முழுக்கை உடை, அகன்ற விளிம்புத் தொப்பி ஆகியனவாம். அவற்றை வழங்கும் கடமை பணி தருவோருக்கு உரியது. துணியின் கதிர்த்தடுப்பை அளக்கும் தரமுறையை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996இலேயே வகுத்துள்ளன. படைவீரர்க்கு உடை தைக்கும் ஆலை ஆவடியிலேயே உள்ள நிலையில், வெயிலில் உழைப்பவர்க்கான உடைத்தரம் ஒன்றை இங்கு வகுப்பது அரிய செயலன்று.

6. தெரிவுக்கான வரையறைகள்

களிம்பு வாங்கும் நிலையில் உள்ளோர்க்கு மேற்கண்ட வரலாறு சில தெளிவுகளைத் தருகிறது.

முதலாவது, எஸ்.பி.எஃப். எண் இரட்டித்தால் காப்பு இரட்டிப்பதில்லை. எஸ்.பி.எஃப். 15 ஏறத்தாழ 93 விழுக்காடும், 30 ஏறத்தாழ 97 விழுக்காடும், 50 ஏறத்தாழ 98 விழுக்காடும் தோலைச் சிவக்கச் செய்யும் கதிரைத் தடுக்கின்றன. அன்றாடப் பயன்பாட்டிற்கு 30 போதுமானது. அதற்கு மேல் செலவிடும் பணத்தைப் போதிய அளவில் பூசுவதற்குச் செலவிடுதல் நன்று.

இரண்டாவது, நம் தோலுக்கு ஏ வகைக் கதிர்த்தடுப்பு மிக இன்றியமையாதது. சப்பானில் 1996இல் நடைமுறைக்கு வந்த பி.ஏ. குறியீடு தோல் கருப்பதை அளவுகோலாகக் கொண்டது. ஆகவே சிவத்தலை அளக்கும் எஸ்.பி.எஃப். எண்ணைவிட இக்குறியீடு நம் தோலின் இயல்புக்கு நெருக்கமானது. மூன்று அல்லது நான்கு கூட்டல் குறிகள் உள்ள களிம்பைத் தெரிதல் தகும்.

மூன்றாவது, மங்கு உடையோர் நிறமேற்றிய களிம்பைத் தெரிதல் வேண்டும். கட்புலனாகும் ஒளியும் கருந்தோலில் நிலைத்த கருமையை உண்டாக்கும் என்பதை 2010இல் வெளியான மஹ்மூது முதலியோரின் ஆய்வு காட்டியது. வெண்தோலில் அவ்விளைவு தோன்றவில்லை. இரும்பு ஆக்சைடு கலந்த களிம்பே அவ்வொளியைக் குறைக்கும். துத்தநாக ஆக்சைடு மட்டும் உள்ளவை கருந்தோலில் சாம்பல் பூத்தாற்போல் தோன்றுவதால் பலர் பாதியிலேயே கைவிடுகின்றனர். இதற்கும் நிறமேற்றிய வகை தீர்வாகும்.

நான்காவது, முகத்திற்கும் கழுத்துக்கும் இரு விரல் நீளக் களிம்பு தேவை. வெளியில் இருப்பின் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் பூசவேண்டும். தன் நிழல் தன் உயரத்தினும் குறுகியிருக்கும் நேரத்தில் களிம்பு பூசியவரும் நிழல் தேடுவதே முறை. வெயிற்காப்பு என்ற பெயரில் நிறத்தை வெளுப்பதாக உறுதி கூறும் பொருள்களை விலக்குதல் நன்று. காத்தலும் வெளுத்தலும் வேறுவேறு செயல்கள்.

முடிவுரை

பூவிருந்தவல்லி முகாமின் காலத்தில் வெயிற்காப்பு வெண்தோலுக்கு உரியதாயிருந்தது. களிம்பின் அளவீடும் அத்தோலிலேயே உருவானது. இந்தியச் சந்தை அதனை வெண்மையை விரும்புவோர்க்கு விற்றது. மூன்று நிலைகளிலும் காப்பு நிறத்தைப் பின்பற்றியதே அன்றி, வெயிலில் நின்ற நேரத்தைப் பின்பற்றவில்லை. இன்று கல்வி நிறுவனங்களும் மருத்துவ முகாம்களும் வெயிற்காப்பைப் பற்றிப் பேசும்போது களிம்பின் எண்ணை மட்டும் கூறி நிறுத்துதல் போதாது. ஏ வகைக் கதிர், கட்புலனாகும் ஒளி, பூசும் அளவு, உடை, நிழல், வேலைநேரம் ஆகிய அனைத்தும் ஒருங்கே பேசப்படுதல் வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் வெளிப்புறத் தொழிலாளரின் தோல், கண் நலம் குறித்த கள ஆய்வுகளும், அவர்கள் தாமே உருவாக்கிக் கொண்ட காப்பு உடைகள் குறித்த ஆவணப்படுத்தலும் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வுகளாகும்.